தரமான ஆட்சேபணை ஒன்று தேவை

நகரத்தில் ஓடுகிற லிப்டுகளில் பாதிக்கு லிப்ட்காரரின் கைபட்டிருக்கும். நடுவழியில் நின்றுபோன கூண்டுகளிலிருந்து எத்தனையோ பேரை ஒரு கீறல் இல்லாமல் வெளியே கொண்டுவந்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் தன்னுடைய சொந்த அப்பாவைப் பதினேழு படி ஏற்ற வழி தெரியாமல் முழித்தார் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்பா முப்பத்தொரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. டாக்டர் தகடு வைத்துத் தைத்துவிட்டு, "இனிமே படி ஏறவே கூடாது" என்று சொல்லிவிட்டார். வீட்டைக் கட்டிய புண்ணியவான் கீழே கூடத்தையும் சமையலறையையும் வைத்து, குளியலறையைக் கொண்டுபோய் மாடியில் வைத்திருந்தான். மாடியிலேயே இருந்துவிடுங்கள் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். "தெருவைப் பாக்காம இருந்தா எனக்கு மூச்சு முட்டும்மா" என்று ஒற்றைக் காலில் நின்றார் அப்பா. உண்மையிலேயே அப்போது அவருக்கு ஒரு கால்தான் நிற்கிற நிலையில் இருந்தது.

ஆகவே காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, கை வைத்த மர நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். முன்னால் லிப்ட்காரர், பின்னால் பக்கத்து வீட்டு டிராயிங் மாஸ்டர். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். சரியாக ஏழு மணிக்கு வந்து நிற்பார். "ரைட், போலாம்!" என்று அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி குரல் கொடுப்பார். வளைவு வரும்போது, "லெப்ட்ல ஒடி, லெப்ட்ல ஒடி" என்பார். மாஸ்டருக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் சிரிப்பார். இப்படி நாலு மாதம் ஓடியது.

"தம்பி, எனக்கு அறுபத்தாறு ஆகுது. இன்னும் எத்தனை நாளைக்கு என் கை தாங்கும்னு தெரியல. பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு? அண்ணனுக்கு ஒரு ரூம் போட்டுடுங்க, குளியலறையோட" என்று சொன்னதே மாஸ்டர்தான். சொன்னதோடு நிற்கவில்லை. அளவெடுத்து, பத்துக்குப் பன்னிரண்டு அறை, அதோடு ஒட்டிய குளியலறை, சுவரில் பிடித்துக்கொள்ள கம்பி, சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி அகலக் கதவு என்று பென்சிலில் படமும் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்ஜினியர் அதைப் பார்த்து, "இதுல நான் பண்றதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

லிப்ட்காரரின் வீடு முக்கு வீடு. ஒரு பக்கம் தெரு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் மாஸ்டர். ஆக, அண்டை அயலார் என்று பார்த்தால் உலகத்திலேயே மாஸ்டர் ஒருவர்தான். அவரும், "இந்த அறை கட்டுவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை, சீக்கிரம் கட்டினால் மகிழ்ச்சி" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு லிப்ட்காரர் ஒப்புதல் அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகத்தின் முழுப் பெயர் வீடு விரிவாக்க ஒப்புதல் மற்றும் அண்டை அயலார் நல்லிணக்கத் துறை. மூன்றாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. கதவில் தொங்கிய அட்டையைப் பார்த்த லிப்ட்காரரின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது. அடக்கிக்கொண்டு படியேறினார்.

மூன்றாம் நம்பர் ஜன்னலில் இருந்த அம்மாள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வரைபடம் சரி. பத்திரம் சரி. மாஸ்டரின் கடிதத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது?"

"பக்கத்து வீட்டுக்காரர் லெட்டர் மேடம். ஆட்சேபணை இல்லைன்னு கொடுத்திருக்காரு."

"அது தெரியுது. ஆட்சேபணை எங்க?"

"இல்லைன்னுதான் மேடம் எழுதியிருக்காரு."

"சார், நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க ஃபைல் இங்கிருந்து எங்க போகும்? ஆட்சேபணைத் தீர்வுக் குழுவுக்குப் போகும். குழு என்ன பண்ணும்? ஆட்சேபணையைத் தீர்க்கும். தீர்த்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஒப்புதல். நீங்க ஆட்சேபணையே கொண்டுவரலைன்னா அவங்க எதைத் தீர்ப்பாங்க? பாவம், அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க."

"ஆட்சேபணை இருந்தாத்தானே மேடம் தடை? இல்லைன்னா நேரா ஒப்புதல் கொடுத்துடலாமே."

ஜன்னல் அம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படிக் கொடுத்தா இந்தத் துறை எதுக்குங்க?" என்றார். அந்தக் கேள்வி லிப்ட்காரருக்கும் அந்த நிமிடம்தான் தோன்றியிருந்தது. ஆனால் அவர் கேட்டதற்கும் அந்த அம்மாள் கேட்டதற்கும் அர்த்தம் வேறு. காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. நாலு மாதமாக அப்பாவைத் தூக்கிக்கொண்டிருக்கிற மனிதரிடம் போய், எங்களை எதிர்த்து ஒரு மனு கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானே? எழுதிட்டாப் போச்சு" என்று பேனாவைத் திறந்தார். அரை மணி நேரம் யோசித்தார். "அறை கட்டினால் என் பக்கம் சற்றே காற்று குறையக்கூடும். ஆனால் அது பெரிய விஷயமல்ல. அண்ணன் சௌகரியமாக இருந்தால் அதுவே எனக்குக் காற்று" என்று எழுதிக் கொடுத்தார்.

ஜன்னல் அம்மாள் அதைப் படித்துவிட்டு அப்படியே திருப்பி நீட்டினார். "இது ஆட்சேபணை இல்லைங்க, வாழ்த்து மடல். எங்க கையேட்டுல மூணு தரம் இருக்கு. லேசான ஆட்சேபணை, நடுத்தர ஆட்சேபணை, கடுமையான ஆட்சேபணை. லேசானதைக் குழு தொடாது. அவங்க மட்டத்துக்கு அது மரியாதை இல்ல. தரமான ஆட்சேபணை ஒண்ணு கொண்டு வாங்க. கீழ வாசல்ல மனு எழுதறவர் இருக்காரு, கைராசிக்காரர்."

மனு எழுதுகிறவர் வாசலோரம் ஒரு மடக்கு மேஜையும் தட்டச்சு இயந்திரமும் வைத்திருந்தார். லிப்ட்காரர் முழுக்கச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தாளைச் செருகிவிட்டார்.

"பழைய பகை போடவா, பொறாமை போடவா?"

"ரெண்டும் இல்லீங்க. அவர் ரொம்ப நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்னா கொஞ்சம் கஷ்டம்தான். சரி, வெளிச்சம் போடறேன். சாயங்கால வெயில் மறைக்குதுன்னு. கூடவே, மனுதாரர் குடும்பம் நாள் முழுக்கச் சத்தம் போடுதுன்னு ஒரு வரி. சத்தம் போடறது யாரு?"

"அப்பாதான், நாற்காலியில தூக்கும்போது..."

"பெரியவர் கூச்சல். பேஷ். அது கடுமையான தரத்துல வரும்."

மனுவைப் படித்த மாஸ்டரின் முகம் சுருங்கிப்போனது. நேர்ப்பக்கம் முடிந்து பின்பக்கத்துக்கும் ஓடியிருந்தது. "என் முதுமைக்காலத்தின் நிம்மதியைக் குலைக்கும் நோக்குடன் திட்டமிட்டு" என்று ஆரம்பித்து, "அன்னாரின் தகப்பனார் தினமும் இருவேளை எழுப்பும் அநாகரிகக் கூச்சல்" வழியாகப் போய், "உயிர் உள்ளவரை எதிர்ப்பேன்" என்று முடிந்தது.

"தம்பி, அண்ணன் இதைப் படிச்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன் மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஜன்னல் அம்மாள் இந்தத் தடவை வாய்விட்டுப் பாராட்டினார். உயிர் உள்ளவரை என்ற இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் கூடப் போட்டார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து நீட்டினார். விசாரணை முடியும்வரை மனுதாரரும் ஆட்சேபணைதாரரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, ஒருவர் மற்றவருக்கு எவ்வகையிலும் உதவக் கூடாது. மீறினால் ஆட்சேபணை உண்மையானதல்ல என்று தள்ளுபடி ஆகும். ஆட்சேபணை தள்ளுபடியானால் கோப்பு மூடப்படும்.

"மேடம், எங்க அப்பாவை அவர்தான் கூடத் தூக்கறாரு..."

"ஒரு மாசம்தானே சார்? குழு கூடற வரைக்கும்."

மறுநாள் ஏழு மணிக்கு மாஸ்டர் வரவில்லை. லிப்ட்காரர் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னார். அப்பா முப்பத்தொரு வருட டவுன் பஸ்ஸில் கற்றுக்கொண்ட அத்தனை வார்த்தைகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவை இங்கே அச்சேறத் தகுந்தவை அல்ல. முடிவில், "உனக்கு அறிவு இருக்காடா? ரூமுக்காக மனுஷனை விடுவியா?" என்று கேட்டார்.

"ரூமே உங்களுக்காகத்தானேப்பா."

மருமகள் ஒரு வாரம் பின்பக்கம் பிடித்தாள். எட்டாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டு அவளே படுத்துவிட்டாள். அதற்கப்புறம் லிப்ட்காரர் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். பன்னிரண்டாவது படியில் ஒரு முறை கால் தடுமாறி, சுவரில் சாய்ந்து, ரொம்ப நேரம் அப்படியே நின்றார்கள். அப்பா ரைட் சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். மாடிக்குப் போவதும் ஒரு நாளைக்கு ஒரு முறை என்று குறைந்தது. தண்ணீர் கொடுத்தால் "தாகமில்லை" என்றார். ஏன் என்று லிப்ட்காரருக்குப் புரிந்தது. புரிந்ததும் சமையலறைக்குள் போய் அழுதார்.

நடுவில் துறையிலிருந்து ஒரு கள ஆய்வாளர் வந்தார். இரண்டு வீட்டுக்கும் போதுமான அளவு பிணக்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் லிப்ட்காரரையும் அந்தப் பக்கம் மாஸ்டரையும் நிற்கவைத்து, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"ஆட்சேபணைதாரர் முகத்துல வருத்தம்தான் தெரியுது. கோபம் பத்தல" என்றார். "சார், கொஞ்சம் முகத்தைத் தூக்கி வெச்சுக்குங்க. இல்லைன்னா நான் எழுதறதுக்கு ஒண்ணும் இருக்காது. போன வாரம் ஒரு இடத்துக்குப் போனேன். ரெண்டு பேரும் செருப்பைத் தூக்கிட்டாங்க. எவ்வளவு சுத்தமான ஃபைல் தெரியுமா?"

மாஸ்டர் மனசாட்சி உள்ள மனிதர். ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். விசாரணையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று, ஒரு சாயங்காலம் தன் பக்கத்துத் தரையில் குச்சியை நட்டு நிழலை அளந்தார். மறுநாளும் அளந்தார். அறை வந்தால் அவர் படம் வரைகிற மேஜைக்கு ஐந்து மணி வெயில் நிஜமாகவே வராது என்று தெரிந்தது. மூன்றாம் நாள் அளக்கும்போது அவர் முகம், கள ஆய்வாளர் கேட்ட மாதிரியே, கொஞ்சம் தூக்கினாற்போல இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து லிப்ட்காரர் இதைப் பார்த்தார். இந்த மனுஷனும் நமக்கு எதிராகப் போய்விட்டார் என்று நினைத்தார்.

விசாரணை நாள் வந்தது. காலை பதினோரு மணி. பயனாளி நேரில் வர வேண்டும், தவறினால் கோப்பு காலாவதியாகும் என்று கடிதம் சொன்னது. நடக்க முடியாதவருக்கு அறை கேட்கிறார்கள். அவர் உண்மையிலேயே நடக்க முடியாதவரா என்பதை அவர் மூன்று மாடி ஏறி வந்து நிரூபிக்க வேண்டும். அப்பாவை வாடகை வண்டியில் ஏற்றி, மர நாற்காலியையும் கூடப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கே போய்ச் சேர்ந்தார் லிப்ட்காரர்.

லிப்டில் அதே அட்டை. இந்தத் தடவை அவரால் பொறுக்க முடியவில்லை. பொத்தானை அழுத்திக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே டக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்து அடங்கியது.

"மூணாவது மாடிக் கதவுல கரண்ட் தொடற கான்டாக்ட்ல அழுக்கு பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். அஞ்சு நிமிஷ வேலை" என்றார் காவலாளியிடம். "நான் பண்ணிடறேனே?"

"ஐயோ, கையை வெச்சுடாதீங்க சார்! ரிப்பேர் ஃபைல் மேலதான் இருக்கு. ரெண்டு வருஷமா நிக்குது."

"ஏன்?"

"ஒருத்தரும் ஆட்சேபிக்கல."

அறுபத்து நாலு படி. லிப்ட்காரர் அப்பாவை முதுகில் ஏற்றிப் பார்த்தார். முதல் மாடிகூட எட்டவில்லை. மறுபடி கீழே கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். உதவி கேட்கலாம் என்றால், காவலாளிக்குக் குடல் இறக்கம். மனு எழுதுகிறவர் அவசர வேலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். பத்தேமுக்கால் ஆயிற்று. படிக்கட்டு அடியில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள் இருந்தன. ஒன்றில் மனுதாரர் என்று எழுதியிருந்தது. மற்றதில் மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் மனுவின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

பத்து ஐம்பதுக்கு மாஸ்டர் எழுந்தார். நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நேராக வந்து நாற்காலியின் பின்கால்களைப் பிடித்துக் குனிந்தார்.

"மாஸ்டர், ஃபைலை மூடிடுவாங்க" என்றார் லிப்ட்காரர்.

"மேல போகலைன்னாலும்தான் மூடுவாங்க. தூக்குங்க தம்பி, நேரம் ஆகுது."

அப்பா பல நாளைக்குப் பிறகு, "ரைட், போலாம்" என்றார். ஆனால் மெதுவாகத்தான் சொன்னார்.

குழு அறையில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். கனத்த உடம்பு, கனத்த குரல். கதவு வழியாக நாற்காலி நுழைந்ததையும், அதன் முன்னால் மனுதாரரும் பின்னால் ஆட்சேபணைதாரரும் மூச்சிரைக்க நின்றதையும் ஐந்து பேரும் பார்த்தார்கள். கள ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தத் துறைக்கு நான் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு" என்று ஆரம்பித்தார். "மனுஷனுக்கு மனுஷன் நல்லிணக்கம் வளரணும், அதுதான் எங்க லட்சியம். ஆனா நல்லிணக்கம் சும்மா வருமா? முதல்ல பிணக்கு வரணும். பிணக்கு இல்லாத இடத்துல நாங்க எப்படி இணக்கத்தை உண்டாக்கறது? நான் பொறுப்பேத்தப்போ வருஷத்துக்கு நாப்பது தகராறுதான் தீர்த்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப ஆயிரத்தைத் தாண்டிட்டோம். தெருவுக்குத் தெரு தகராறு, அத்தனையும் நாங்க தீர்த்தது! இது சாதாரணச் சாதனையா? அப்படி ராப்பகலா உழைக்கிற இடத்துக்கு, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா நாற்காலி தூக்கிக்கிட்டு வர்றீங்க. எங்களைப் பாத்தா எப்படி இருக்கு?"

மற்ற நால்வரும் வேதனையோடு தலையாட்டினார்கள்.

"ஆட்சேபணைதாரர் மனுதாரருக்கு உதவினதைக் குழு கண்ணால பாத்தாச்சு. அதனால ஆட்சேபணை போலி, தள்ளுபடி. ஆட்சேபணை இல்லாததால ஃபைல் மூடப்படுது."

"ஐயா, அஞ்சு மணி வெயில் நிஜமாவே எனக்கு வராது. அளந்து வெச்சிருக்கேன்" என்று மாஸ்டர் கெஞ்சினார். "கொஞ்சம் கோபம்கூட இருந்துதுங்க, ரெண்டு நாள். சத்தியமா."

"டூ லேட்" என்றார் தலைவர்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். நெரிசல் நேரத்தில் கடைசிப் படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் கேட்கிற குரல் அது.

"யோவ்! எனக்கு ஆட்சேபணை இருக்குய்யா!"

ஐந்து தலைகளும் நிமிர்ந்தன.

"என் பையன் முதுகு ஒடிஞ்சுபோச்சு. மருமக படுத்துட்டா. கூடப் பொறந்தவன் மாதிரி இருந்த மனுஷன் ஒரு மாசமா என் மூஞ்சியைப் பாக்கல. தண்ணி குடிக்கக்கூட பயந்துக்கிட்டு நான் உக்காந்திருக்கேன். எதுக்கு? ஒரு ரூமுக்கு! அந்த ரூமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அதைக் கட்டவே கூடாது. நான் எதிர்க்கறேன். எழுதிக்கங்கய்யா!"

தலைவர் முன்னால் சாய்ந்தார். அவர் கண்ணில் ஒரு ஒளி வந்தது. "பதிவு பண்ணிடலாமா, பெரியவரே?"

"பண்ணு! கொட்டை எழுத்துல பண்ணு!"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன ஒரு உண்மை!" என்றார் ஒருவர். "கை நடுங்குது பாருங்க, கண்ணுல தண்ணி. இதைவிடக் கடுமையான தரம் நான் பாத்ததில்ல" என்றார் இன்னொருவர். கள ஆய்வாளர் எழுந்து நின்றே குறிப்பெடுத்தார். மூடிய கோப்பு திறக்கப்பட்டது. பழைய ஆட்சேபணைதாரரின் பெயரை அடித்துவிட்டு அப்பாவின் பெயரை எழுதினார்கள். முப்பது நாளில் தீர்வு அனுப்பப்படும் என்றார் தலைவர். லிப்ட்காரர் கை கூப்பப் போனார்.

"அங்கேயே நில்லுங்க" என்றார் தலைவர். "இனி இவர் ஆட்சேபணைதாரர். நீங்க மனுதாரர். தீர்வு வர்ற வரைக்கும் பேசக் கூடாது, தொடக் கூடாது, ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. மஞ்சள் தாள் ஏற்கெனவே வாங்கியிருக்கீங்க. முதல்ல நீங்க வெளிய போங்க."

"சார், அவர் என் அப்பா சார்."

"அதனாலதான் சொல்றேன். உறவுக்குள்ள ஆட்சேபணைன்னா நாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருப்போம்."

லிப்ட்காரர் படியிறங்கித் தெருவுக்கு வந்து வெயிலில் நின்றார். படிக்கட்டின் ஒவ்வொரு வளைவிலும் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. மாஸ்டர் தனியாகத் தூக்க முடியாது. அலுவலக நேரம் முடிந்தால் கதவைப் பூட்ட வேண்டும். ஆட்சேபணைதாரரை உள்ளே வைத்துப் பூட்ட விதி இல்லை. குழுவின் மற்ற நாலு பேருக்கும் முதுகுவலிச் சான்றிதழ் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து மூன்றாம் மாடி வளைவு ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது. பின்னால் மாஸ்டர். முன்னால், சட்டை நனைந்து, முகம் சிவந்து, நாற்காலிக் கால்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துறைத் தலைவர். "லெப்ட்ல ஒடிய்யா, லெப்ட்ல ஒடி!" என்ற குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அப்பா மாஸ்டர் வீட்டுக்குப் போனார். அங்கே கீழேயே குளியலறை இருந்தது. படம் வரைகிற அறையில் மேஜையை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுக் கட்டில் போட்டார்கள். மருமகள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் மனுதாரர் இல்லை. லிப்ட்காரர் மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அப்பா இருமுவதையும் மாஸ்டரோடு சண்டை போட்டுச் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து, "டேய், சாப்பிட்டியாடா?" என்று கேட்டது. மூன்று தடவை கேட்டது. பதில் சொன்னால் கோப்பு போய்விடும். அவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் தீர்வு வந்தது. அறை கட்ட ஒப்புதல் அளிக்கப்பட்டிருந்தது. பதினைந்து நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும். இரண்டாவது பக்கத்தில் நிபந்தனை ஒன்று இருந்தது. ஆட்சேபணைதாரரின் மன உளைச்சலைக் கருத்தில்கொண்டு, மேற்படி அறையால் அவருக்கு எந்த இடையூறும் நேராவண்ணம், அவர் அந்த அறைக்குப் பத்தடிக்குள் வராமல் பார்த்துக்கொள்வது மனுதாரரின் பொறுப்பு. நல்லிணக்கம் ஏற்படுத்தப்பட்டது என்று கீழே முத்திரை.

லிப்ட்காரர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு ஓடினார். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். அப்பா தாளை வாங்கி இரண்டாவது பக்கத்தை மறுபடி ஒரு முறை படித்தார்.

"கோபத்துல சொன்னேன்டா" என்றார் கடைசியில்.

"தெரியும்பா."

"கோபத்துல சொன்னதுன்னு எழுதிக் கொடுத்தா?"

"போன்ல கேட்டுட்டேன். அது ஒப்புதலுக்கு எதிரான ஆட்சேபணையாம். மறுபடி முதல்லேருந்து வரணுமாம்."

மாஸ்டர் வாசலில் நின்று, "இங்கேயே இருந்துடுங்க அண்ணே, எனக்கு என்ன குறை?" என்றார். ஆனால் அப்பாவின் பார்வை ஜன்னல் வழியாக மதிலைத் தாண்டிப் போயிருந்தது. மகன் வீடு பத்தடி தூரத்தில் இருந்தது.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார். மூன்று வாரத்தில் சுவர் எழும்பியது. கூரை போட்டாகிவிட்டது. குளியலறைச் சுவரில் கம்பி பதிக்க வேண்டிய நாளில் மேஸ்திரி கையில் பென்சிலோடு நின்று, "எந்த உயரத்துல வைக்கணும்? ஆள் வந்து பிடிச்சுக் காட்டினாத்தான் சரியா வரும்" என்றார்.

லிப்ட்காரர் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார். கள ஆய்வாளர் யாரும் கண்ணில் படவில்லை. மதிலருகே போய், "மாஸ்டர், ஒரு கை பிடிக்கறீங்களா?" என்று கூப்பிட்டார்.

இரண்டு பேரும் அப்பாவை நாற்காலியோடு கொண்டுவந்து, பூசாத சுவருக்கு முன்னால் இறக்கினார்கள். அப்பா மகனின் தோளைப் பிடித்து எழுந்து, ஒரு கையைச் சுவரில் வைத்தார். மேஸ்திரி அந்த இடத்தில் கோடு போட்டார். அப்பா உடனே உட்காரவில்லை. அறையைச் சுற்றிலும் பார்த்தார். தரையைப் பார்த்தார், அகலக் கதவைப் பார்த்தார், ஜன்னலுக்கு வந்ததும் நின்றார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்குடா" என்றார்.

லிப்ட்காரருக்குப் பகீர் என்றது. "என்னப்பா?"

"ஜன்னல் சின்னதா இருக்கு. உக்காந்தா தெரு தெரியாது."

மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணே," என்றார் தணிந்த குரலில், "இதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மேஸ்திரி உளியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு அடியில் குந்தி உட்கார்ந்தார்.